மாடிக்கு வந்த வைஃபை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மனைவிக்கு, மேனேஜருடன் நடக்கும் வீடியோ மீட்டிங் தினமும் பாதியில் அறுந்துபோனது. கணவனுக்கு மனசு கேட்கவில்லை. மாடி அறையில் தனி வைஃபை பெட்டி மாட்ட நெட்காரரை அழைத்துவந்தான்.

"எதுக்குங்க வீண் செலவு?" என்றாள்.

"நீ சும்மா இரு" என்று ஏணி எடுக்கக் கீழே போனான்.

நெட்காரர் தன் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இங்க சிக்னல் ஏற்கெனவே ஃபுல்லா வருதேம்மா. மீட்டிங் எப்படிக் கட்டாகுது?"

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். "நான்தான் கட் பண்றேன்ணே. இல்லேன்னா அந்த மேனேஜர் சாப்பிடக்கூட விடமாட்டார்."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"எங்க வீட்டுக்காரர் ஆசையா வாங்கியிருக்கார், மாட்டிடுங்க. ஆனா சிக்னல் மட்டும் சரியா வரக்கூடாது."

"கவலையே படாதீங்க. நாங்க மாட்டினா வழக்கமா அப்படித்தான் வரும்."