சிரிச்சா விழுறவன்

முதல்ல கொட்டாவிய மூடுங்கப்பா, ஈ உள்ள போயிடப் போகுது. மத்தியானம் உக்காந்தபடியே குறட்டை விடுற நீங்கல்லாம் லுபோவாவச் சோம்பேறின்னு சொல்லக்கூடாது, ஆமா.

லுபோவா கம்பாலாங்கிற ஊருல பைக் டாக்ஸி ஓட்டுறவன். சவாரி வர்றதுக்குள்ள வண்டி மேலயே மல்லாந்து தூங்கிடுவான். ஸ்டாண்டுல எல்லாருந்தான் தூங்குவாங்க, அதனால யாரும் கண்டுக்கல.

அன்னிக்கு வாழைத்தாரோட ஒரு அம்மா அவன் வண்டியில ஏறுச்சு. பக்கத்து வண்டி கிஸ்ஸா, ஸ்டாண்டோட வாயாடி, சும்மா இருப்பானா?

"அம்மா, பாவம் அந்தத் தாரு. நீங்க இறங்கிட்டு அத உக்கார வைங்க!"

லுபோவா சிரிச்சான். அவ்வளவுதான். தலை தொங்கிச்சு, முட்டி மடங்கிச்சு. வண்டி, வாழைத்தாரு, அம்மா எல்லாம் ரோட்டுல.

"காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான் பாரு, குடிகாரப் பய!"

கூடின கூட்டம் கத்துறது எல்லாம் லுபோவாவுக்குக் காதுல விழுது. குடிக்கலன்னு சொல்லத்தான் வாய் வரல.

மறுநாள் ஸ்டாண்டு சேர்மன் என்செரெக்கோ கைய நீட்டினாரு. "ஜாக்கெட்டக் கழட்டு."

நம்பர் ஜாக்கெட் இல்லன்னா அந்த ஸ்டாண்டுல சவாரி கிடையாது.

"அண்ணே, என் பொழப்பு..."

"பெரியாஸ்பத்திரியில காட்டு. டாக்டர் சரின்னா ஜாக்கெட்டு."

"எவன்ணே போட்டுக்குடுத்தது?"

"அது உனக்கெதுக்கு?"

லுபோவாவுக்குக் கிஸ்ஸா மேலதான் சந்தேகம். ஊரையே சிரிக்க வைக்கிறவன், இவன் தலையப் பாத்ததும் முட்டைச் சப்பாத்திய வாயில திணிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறான்.

"ஏன்டா, குடிகாரன்கூடப் பேசினா கௌரவம் போயிடுமா?"

கிஸ்ஸா மென்னான்.

"நீதானே போட்டுக்குடுத்தே?"

இன்னொரு சப்பாத்தி உள்ள போச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க. "எப்பல்லாம் விழுறீங்க?"

லுபோவா யோசிச்சான். "சிரிக்கிறப்போ..." சொல்லிட்டு அவனே திடுக்கிட்டான்.

பரிசோதனையெல்லாம் முடிஞ்சதும் அவங்க சொன்னாங்க. "இது குடியுமில்ல, செய்வினையுமில்ல. தூக்க வியாதி. கனவு காணுற தூக்கத்துல நாம எழுந்து ஓடிடாம இருக்க மூளை கைகாலக் கட்டிப் போடும். உங்களுக்கு முழிச்சிருக்கும்போதே, சிரிச்சா அந்தக் கட்டு விழுந்துடுது. பகல்ல தூக்கம் அள்ளுறதும் இதனாலதான். மாத்திரை இருக்கு. நான் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது."

மழைக்காலம் முழுக்க லுபோவா மத்தவங்க வண்டியக் கழுவிக்கிட்டுக் கிடந்தான். ஒருவழியா டாக்டரம்மா தலையாட்டினாங்க.

ஜாக்கெட் வாங்க வந்தவனப் பாத்ததும் கிஸ்ஸாவோட கை தானா சப்பாத்திக்குப் போச்சு. லுபோவா லபக்குன்னு பிடிச்சான்.

"சிரிச்சாத்தான் விழுவேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் உன்னப் பாத்தா வாய அடைச்சுக்கிட்டேன்."

"எப்படிடா?"

"என் ஜோக்குக்கு எவனும் அவ்வளவு மரியாதை குடுத்ததில்லடா. அப்பவே சந்தேகம்!"

லுபோவா வாய்விட்டுச் சிரிச்சான். ஸ்டாண்டே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கிஸ்ஸா ரெண்டு கையையும் விரிச்சு, தாங்கிப் பிடிக்க ரெடியா நின்னான்.

முட்டி லேசா நடுங்கிச்சு. ஆனா ஆளு நின்னான்.

"அப்பாடா. நிக்கிறப்பவே இன்னொண்ணும் சொல்லிடுறேன்டா," கிஸ்ஸா சொன்னான். "உன் ஜாக்கெட்டக் கழட்டச் சொல்லிச் சேர்மன்கிட்டக் கெஞ்சினவன் நான்தான்."