பத்து இடத்து மண்

"முதல் குழி எங்க போடணும், தங்கச்சி?"

தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டார் நிதானம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. எதையும் ஆற அமரச் செய்வதால் ஊர் வைத்த பெயர் இது.

தபாலம்மா வயலின் நடுவே கையைக் காட்டினாள்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் போலிருந்தது. கேட்கவில்லை. வெட்டத் தொடங்கினார்.

வாரத்தில் ஆறு நாள் அவள் தபால் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மண் பரிசோதனைக்குத் தன்னார்வலர். உரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள், முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று இரண்டு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு யூரியா வாங்கப் போனார்கள்.

முதலில் நம்பியவர் நிதானம்தான்.

யூரியா தரும் தழைச்சத்து அவர் நிலத்தில் ஏற்கெனவே தாராளம் என்று சோதனை முடிவு வந்தது. மக்காச்சோளத்துக்கு இந்த முறை யூரியா ஒரு பிடிகூட வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அவரும் போடவில்லை.

இப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சினனின் சோளம் கரும்பச்சையாக ஆள் உயரத்துக்கு நின்றது. இந்தப் பக்கம் இடுப்பளவு. அத்தனையும் மஞ்சள் பூத்த இலை.

"மாமா, சோளம் போட்டீங்களா, மஞ்சள் போட்டீங்களா?" வரப்பில் நின்று சத்தமாகக் கேட்டான் மச்சினன்.

"உன் வாய்க்கு யாருடா யூரியா போட்டது? இப்படி வளந்து கெடக்கு!" என்றார் நிதானம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சோதனையில தப்பில்லடா. என் நிலத்துக்குத்தான் என்னவோ கோளாறு."

தபாலம்மா குனிந்து, இல்லாத கல்லைப் பொறுக்கினாள்.

நான்காவது குழி. அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரு சீவல் எடுத்து வாளியில் போட்டார். அப்படித்தான் எடுக்க வேண்டும். வயலில் வளைந்து வளைந்து நடந்து, பத்து இடத்தில்.

முதல் சோதனைக்கு அவள் அப்படி எடுக்கவில்லை.

அன்று மழை பெய்து வயல் சேறாகிக் கிடந்தது. அவள் காலில் புதுச் செருப்பு. அதிக மண் மாதிரி சேகரித்தவர் என்று மதியம் அவளுக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள். நாற்பது பைக்கு ஒன்றுதான் குறைந்தது. வயலில் இறங்காமலே, ஓரத்து மரத்தடியில், மாடு கட்டும் இடத்தில் கிளறி ஒரே அள்ளாக அள்ளினாள்.

வருடக்கணக்கில் சாணமும் மூத்திரமும் ஊறிய மண். அதில் தழைச்சத்து இல்லாமல் வேறெதில் இருக்கும்?

மரநிழல் கூடாது, மாடு கட்டும் இடம் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு வகுப்பெடுத்தவளே அவள்தான்.

நல்லவேளை, அன்று பார்த்தது அங்கே கட்டியிருந்த மாடு மட்டும்தான். மூன்று மாதமாக இதைச் சொல்லித்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது குழியில் துணிந்தாள்.

"அண்ணே..."

"என்னம்மா?"

"தண்ணி இருக்கா?"

அவர் தன் பாட்டிலை நீட்டினார். "வெயில்ல உங்களயும் அலைய வைக்கிறேன் பாருங்க" என்று வருத்தப்பட்டார்.

ஒரு மடக்கு குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

பத்தும் முடிந்தது. சாக்கை விரித்து மண்ணைக் கொட்டிக் கலந்தார். நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளினார். மீதியைப் பையில் கட்டினார். எதிலும் அவசரமில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"காலையிலேருந்தே கேக்கணும்னு இருந்தேன். போன தடவ மரத்தடியில ஒரே இடத்துலதானே எடுத்தீங்க? கொட்டகைக்குள்ள பால் கறந்துட்டே பார்த்தேன். இன்னிக்கு ஏன் பழைய முறை?"

அவள் பையின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"புதுசா சுலபமா ஒரு முறை வந்திருக்கு போலன்னு நெனச்சேன். பத்துக் குழி யாரு வெட்டுறதுன்னுதானே நம்ம ஆளுங்க இத்தன நாளா நழுவினாங்க? நானே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன்."

சொல்லிக்கொண்டே மோட்டார் அறையின் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சுவரோரம் பதினொரு வீட்டு மண் பைகள். வரிசையாக, கழுத்து இறுகக் கட்டி நின்றன. அறை முழுக்கச் சாணி வாசம்.

"என் சோளத்தப் பாத்துட்டு எல்லாரும் பின்வாங்கப் பாத்தாங்க. கோளாறு என் நிலத்துல, தபாலம்மா கையில இல்லைன்னு நான்தான் அடிச்சுப் பேசினேன். இனிமே நீங்க சொல்லாம ஒருத்தனும் யூரியாவத் தொடமாட்டான்."

இரண்டு வருடமாக அவள் கேட்க ஏங்கிய சொல்.

அருகிலிருந்த பையைத் தூக்கினாள். கழுத்தில் அவள் அச்சடித்துக் கொடுத்த சீட்டுத் தொங்கியது. பெயர், பயிர், பரப்பு எல்லாம் குண்டு குண்டாக நிதானத்தின் கையெழுத்தில்.

'மண் எடுத்த முறை' என்பதற்கு எதிரே எழுதியிருந்தார்:

தபாலம்மா எடுத்தபடியே.