பேச விடாதவர்

"அழறதை நிறுத்துங்கம்மா. அடிச்சது எந்த மாசம்? அதைச் சொல்லுங்க."

டி.வி.யில் கேசவன் அதட்டினார். எதிரே நிழல் உருவமாக உட்கார்ந்திருந்த பெண் விசும்பலை அடக்கிக்கொண்டாள்.

"இந்த ஆளையெல்லாம் யாரு பேட்டி எடுக்கச் சொன்னது?" என்றார் ரவிச்சந்திரன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை, கையிலிருந்த காபியைக்கூட மறந்துவிட்டார்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த நிழல் உருவம் துர்காதேவி. மூன்று மாதமாக அவர் வீட்டில்தான் சமையல் வேலை, தங்கலும் அங்கேயே. அச்சரப்பாக்கத்தில் புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்தவள். இருக்கும் இடம் தெரிந்தால் வெட்டிப் போடுவேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவனிடம் சிக்கியிருக்கும் ஆறு வயது மகளை மீட்க யாராவது உதவ மாட்டார்களா என்றுதான், முகத்தைக் காட்டாமல், பெயரை மாற்றிக்கொண்டு, இந்த நேரடி ஒளிபரப்புக்குப் போயிருந்தாள்.

"அவுரு வந்து கொயந்தய தூக்கிகினு போவசொல்லோ..."

"சுத்தி வளைக்காதீங்க. குழந்தை இப்ப யார்கிட்ட இருக்கு?"

"மாமியா வூட்லதான் கீது சார். நா இன்னா சொல்ல வரேன்னா..."

"போதும். அடுத்த போன்."

அவர் மனைவி சங்கரிக்கும் பொறுக்கவில்லை. "வழக்கமா இதை நடத்தற நம்ம ஷ்யாம் இருந்தா இப்படியா கேட்பார்? போன வாரம் ஒரு அம்மா அழுதாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பொறுமையா இருந்தார். போன் பண்றவங்களைக்கூட எந்த ஊரு, சாப்பிட்டீங்களான்னு விசாரிப்பார்."

"இவன் வணக்கம்னு ஆரம்பிச்சாலே கேள்விக்கு வாங்கங்கறான்."

"நீங்க ஒரு போன் போட்டு நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க. அவளுக்கு நம்மளை விட்டா யார் இருக்கா?"

ரவிச்சந்திரன் அப்போதே நம்பரைச் சுழற்றினார். எடுத்த பெண் அவருடைய நம்பரைக் குறித்துக்கொண்டு, முறை வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. சங்கரி ஓடிப்போய் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

"சொல்லுங்க. கேள்வி என்ன?" கேசவன்தான்.

"நீங்க பண்றது கொஞ்சம்கூட நல்லா இல்லை சார். அந்தப் பொண்ணை என்னமோ குற்றவாளி மாதிரி நடத்தறீங்க. அவ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுலதான் இருக்கா. நான் பேசறது க..."

லைன் செத்தது.

டி.வி.யில் கேசவன் முகத்தைச் சுளித்தார். "பொழுது போகாதவங்களுக்கெல்லாம் இதுல நேரம் இல்லை. ஒரு சின்ன இடைவேளை."

ரவிச்சந்திரனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் யாரும் அவரை இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியதில்லை.

"மரியாதை தெரியாத ஜென்மம். இவனை விடப்போறதில்லை. மறுபடியும் போடறேன் பாரு."

ரிசீவரில் கை வைத்தபோதே அது அடித்தது.

"கேசவன் பேசறேன் சார்." குரல் தணிந்திருந்தது. அந்த அதட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. "மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கு. மறுபடி போன் பண்ணாதீங்க. யார்கிட்டயும் உங்க ஊர் பேரைச் சொல்லாதீங்க."

"ஏன், சொன்னா என்ன?" ரவிச்சந்திரனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

"குரலை வெச்சு, பேசறது அவங்கதான்னு புருஷன் கண்டுபிடிச்சுட்டான் சார். அரை மணி நேரமா அடுத்த லைன்ல காத்துக்கிட்டு, நீங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கான்."