ஒரே உத்திரம்

காலை ஏழே கால். இனி ஒட்டுப் போட்டு ஒப்பேற்ற முடியாது என்று மேஸ்திரி கைவிரித்த கூரை, ஓடு ஓடாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பகலிலும் விளக்கெரிந்த அறைக்குள் வெயில் நேராக விழுகிறது. தூசி மெல்லச் சுழல்கிறது. தம்பி ஏணியில் நிற்கிறான். பாகம் பிரித்தபோது எழுப்பிய நடுச்சுவர் கூரை வரை எட்டவில்லை. மேலே அடைத்திருந்த பலகையையும் கழற்றியாயிற்று. அந்த இடைவெளியில், பதினொரு வருடமாகப் பேச்சில்லாத அண்ணனின் வீடு தெரிகிறது. அங்கே சுவரோரமாக, ஒழுகும் தண்ணீருக்கு வைத்த வாளி, குண்டான், பெயிண்ட் டப்பா என்று வரிசை. மேஸ்திரி உத்திரத்தின் மேல் விரலை ஓட்டுகிறார். தண்ணீர் ஓடிய கறுத்த தடம் இங்கே தொடங்கி அந்தப் பக்கம் போகிறது. "வருசா வருசம் தாரைப் பூசி நீங்க இங்க அடைச்சிட்டீங்க. தண்ணி சும்மா இருக்குமா? அங்க போயிருச்சு." தன் கைராசியில்தான் ஒழுகல் நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் தம்பி. "உத்திரமும் உளுத்துப் போச்சுங்க. ரெண்டு வீட்டுக்கும் இது ஒண்ணுதான். அண்ணன் சரின்னாதான் கை வைப்பேன். மேகம் வேற ஏறுது, சீக்கிரம் கேளுங்க." முதலில் மன்னிப்பைக் கேட்பதா, சம்மதத்தைக் கேட்பதா? அதற்குள் அண்ணனே வாளிகளுக்கு நடுவில் வந்து நிற்கிறார். வெளிச்சம் கூச, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறார். சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா, தம்பிக்குப் பிடிபடவில்லை. ஏணியில் ஒரு படி கீழே இறங்குகிறான்.

"என்னடா, உன் பக்கம் இன்னும் எங்கயாச்சும் ஒழுகுதா?"