நான்கு பேருக்கான கப்பல் அறை

ஜன்னல் இருக்கிற அறைதான் வேண்டும் என்று மகள் அழுதாள். ஜன்னல் இருந்தால் சுறா எட்டிப் பார்க்கும் என்று மகன் அழுதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பயறு சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளோடு கப்பலில் போவது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்பாடு செய்ய உட்கார்ந்தால்தான் தெரியும், இந்த வேலைக்கே தனியாக ஒரு விடுமுறை எடுக்க வேண்டும் என்று. சறுக்குமரம் உள்ள கப்பலாக இருக்க வேண்டும். அதில் ஏற மகனுக்கு உயரம் போதுமா என்று பார்க்க வேண்டும். கப்பல் ஆடினால் மகள் வாந்தி எடுப்பாள், அதற்கு மருந்து வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற விளையாட்டுக் கூடம் எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இந்தக் கப்பலை நான் பிடித்ததே அந்தக் கூடத்துக்காகத்தான்.

என் கணவர் ஸ்ட்ராட்டோஸ் சோபாவில் கால் நீட்டியிருந்தார்.

"நீ எதப் போட்டாலும் எனக்கு ஓகேதான்."

இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நாசமாய்ப் போக.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. பிரேயஸ் துறைமுகத்தில் ஏறுகிறோம், நான்கு கட்டில் உள்ள அறை, ஆகஸ்ட் மாதம். பதினைந்தாம் தேதி சரியாகப் பயணத்தின் நடுவில் வந்தது. நான்தான் அப்படி வரும்படி பார்த்துப் பிடித்தேன்.

அன்று மாதாவின் திருநாள். மாதாவின் பெயர்களில் ஒன்றான தெஸ்பினா என்ற பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள். என் மாமியாரின் பெயர் தெஸ்பினா.

பெயர்நாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. தானாக வருவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர்க்காரி சாப்பாடு போட வேண்டும். நாக்ஸோஸ் தீவில் மாமியார் வீட்டுக் கதவு அன்று காலையில் திறந்தால் பிறகு மூடவே மூடாது. இரண்டு வாரம் மாதாவுக்காக இறைச்சி தொடாமல் விரதம் இருந்த வாய்கள் அத்தனையும் வரும். பாதிரியார் வருவார், பேருந்து ஓட்டுகிறவர் வருவார், யாரென்றே தெரியாத ஒருத்தர் வருஷாவருஷம் வந்து இரண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் நான் அந்த அடுப்படியில்தான் உருளைக்கிழங்கு வறுக்கிறேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கால் நனைக்கக்கூட நேரம் இருக்காது. இந்த ஒரு வருஷமாவது தப்பிக்காவிட்டால் நான் யாரையாவது கடித்துவிடுவேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் மாமியாரிடம் சொல்லியாக வேண்டும்.

"உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஐயையோ, நானா? நீ சொன்னாதான் கேப்பாங்க" என்று என் தொலைபேசியிலேயே அம்மாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, என் முன்னால் வைத்துவிட்டு சோபாவுக்குத் திரும்பிப் போனார், மகராசன்.

"சொல்லும்மா" என்றார் அத்தை. பின்னால் கோழிகள் கத்தின.

ஒரே மூச்சில் சொன்னேன். "அத்தை, இந்த வருஷம் நாங்க வரல. பிள்ளைங்கள கப்பல்ல கூட்டிட்டுப் போறோம். பதினஞ்சாம் தேதி கடல்ல இருப்போம்."

பதில் இல்லை.

அத்தையின் மௌனம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். போன தடவை அவர் இப்படி மௌனமானபோது, என் கொழுந்தனார் ஈஸ்டர் வரைக்கும் அந்த வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

"அந்த ரூம்ல எத்தன கட்டில்?" என்று கேட்டார் அத்தை.

"நாலு."

"அஞ்சாவது ஒண்ணு போட மாட்டாங்களா?"

ஸ்ட்ராட்டோஸ் எழுந்து உட்கார்ந்தார். "அம்மா, அன்னிக்கு உன் பெயர்நாள்! ஊரே வருமே!"

"அதத்தாண்டா சொல்றேன். நான் வீட்டுல இருந்தாத்தானே வருவாங்க? பூட்டு தொங்குனா பாத்துட்டுப் போகட்டும். எனக்கு இந்தப் பேர வெச்ச புண்ணியவதி நல்லா இருக்கட்டும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என் பேருக்கு நானே வடிச்சுக் கொட்டிட்டிருக்கேன். முடியலடா."

அந்த 'முடியல'தான் என்னை என்னவோ செய்தது.

இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அவருக்கு அது பெருமை, அதனால்தான் என்னையும் சேர்த்து வதைக்கிறார் என்று நினைத்து, மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சூப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

ஸ்ட்ராட்டோஸுக்கு அதற்குள் முகமெல்லாம் பல். "அட, ரொம்ப நல்லதாப் போச்சு! அம்மா பிள்ளைங்களப் பாத்துப்பாங்க, நாம ஜாலியா…"

"யாரு பிள்ளைங்களடா யாரு பாத்துக்கிறது?" என்று தொலைபேசி கேட்டது.

அதற்குமேல் யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு கட்டில் அறையை நீக்கினேன். மூன்று கட்டிலோடு ஒரு அறையும், தூரத்தில், வேறு தளத்தில், இரண்டு கட்டிலோடு ஒரு அறையும் எடுத்தேன்.

ஸ்ட்ராட்டோஸ் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அந்த ரெண்டு கட்டில் ரூம் நமக்குத்தானே?"

"எனக்கும் அத்தைக்கும்" என்றேன்.