ஆ காட்டுங்க

டாக்டர் ஜானட்டுக்குப் பேச்சு என்றால் உயிர். அதுவும் பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் என்று எல்லாவற்றையும் நோயாளியின் வாயில் திணித்த பிறகுதான் அவருக்குக் கேள்வியே பிறக்கும்.

"எந்தக் குப்பம் நீங்க? வீட்ல எத்தனை பேரு?"

நாற்காலியில் மல்லாந்து கிடந்த கிருஷ்ணப்பன் "ஆ... ஆஅ" என்றார். வாய் மூடிக்கொள்ளாமலிருக்கக் கடைவாயில் ஒரு ரப்பர் கட்டை வேறு. திருவொற்றியூர்க் கடற்கரையில் ஒரு குப்பத்துக்கே பஞ்சாயத்துத் தலைவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது படகும் கரையிலேயே நிற்கும். அப்படிப்பட்டவரை இந்தப் பொம்பளை வாயைத் திறக்கச் சொல்லியே ஊமையாக்கிவிட்டாள். பதில் சொல்ல முடியாதவனிடம் கேள்வி கேட்க ஒரு படிப்பு, அதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு என்று மனசுக்குள் காறித் துப்பினார். வெளியே துப்ப வழியில்லை.

கூட வந்த தேசப்பன் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தான். எட்டு நாளைக்கு முன்னால் அவனுடைய ஃபைபர் படகின் எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் ஒருவேளை அடுப்பு எரிந்தால் மறுவேளை இல்லை. அந்தக் கதையை இங்கே வந்ததும் டாக்டரிடமும் சொல்லி அழுதுவிட்டான். எஞ்சினைக் கண்டுபிடித்துத் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நன்றிக்காகத்தான், அவருக்குப் பல்வலி என்றதும் தன் வண்டியில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தான். எஞ்சினுக்கு ஒரு சங்கிலி போட்டுப் பூட்டத் துப்பில்லாதவன் கடலில் போய் என்ன கிழிக்கப்போகிறான் என்பது தலைவரின் எண்ணம்.

சாயங்காலம் அம்மன் கோயிலில் ஆம்பளைகள் எல்லாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்ததும் அவர்தான். சத்தியம் வாங்குகிற தலைவர் மட்டும் சூடம் அணைப்பதில்லை. அது அந்தக் குப்பத்து வழக்கம்.

பல்லைக் குடையும் மெஷின் ஓடியது. "ஏன் சார், பேசாம போலீசுக்குப் போயிருக்கலாமில்ல?" என்றார் டாக்டர்.

கிருஷ்ணப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலையைப் பாருடி எருமை" என்றார். வாயிலிருந்து வந்ததென்னவோ "ஏயைஐ ஆஉஈ எஉஐ" மட்டும்தான்.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று டாக்டர் சிரித்தார். மெஷின் முன்னைவிட அழுத்தமாக இறங்கியது. மரத்துப்போன தாடையையும் மீறித் தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையும் பழகவில்லை, காதும் கேட்கவில்லை, இவள் முன்னால் எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார்.

அப்போது தேசப்பனின் போனுக்கு ஒரு சேதி வந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"தலீவரே, நம்ம பசங்க பன்னெண்டு மணிக்கு அந்தப் பழைய ஐஸ் பேக்டரிக்குள்ள பூந்து தேடப்போறாங்களாம்."

கிருஷ்ணப்பன் துள்ளி எழப் பார்த்தார். டாக்டர் தோளைப் பிடித்து அழுத்தினார். பாதியில் எழுந்தால் நாக்கு கிழிந்துவிடும் என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. மூளை கெட்ட பயல்கள், கூட்டமாகப் போய் நின்றால் காரியமே கெட்டுவிடும். மச்சான் ரவிக்குமார் ஒருவன் முன்னால் போனால் போதும், கமுக்கமாக முடித்துவிடுவான். அவனுக்கு இப்போதே சொல்லியாக வேண்டும். தேசப்பனுக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவான்.

ஒருவிதத்தில் வாய் இப்படிக் கிடப்பதும் நல்லதுதான். இருபது வருஷமாக அவருடைய வெற்றிலை வாய்ப் பேச்சைக் கேட்டுப் பழகியவன் ரவிக்குமார். அவன் ஒருவனுக்குத்தான் புரியும்.

கையை ஆட்டித் தன் போனைக் காட்டினார். தேசப்பன் எடுத்து ரவிக்குமாரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகே நீட்டினான். தலைவர் சொல்ல வேண்டியதை மூச்சுவிடாமல் சொன்னார்.

"இன்னா மாமா சொல்ற? ஒன்னியும் பிரியல" என்றது போன்.

இன்னும் உரக்கச் சொன்னார்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற? காலீலயே ஊத்திகினியா?"

இப்படி ஒரு மண்டூகத்துக்கு அக்காளாகப் பிறந்தவளைக் கட்டியதை நினைத்து நொந்துகொண்டு, மூன்றாவது தடவை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த வலியிலும் தனக்காகத் தலைவர் படும் பாட்டைப் பார்த்துத் தேசப்பனுக்குக் கண் கலங்கியது. போனை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தான்.

டாக்டர் ஜானட் கையிலிருந்த மெஷினை வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

"உங்களுக்குப் புரியலன்னா நான் சொல்றேன் தம்பி. இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் என்கிட்ட இப்படித்தான் பேசுறாங்க. இவரு என்னை எருமைன்னு சொன்னதே எனக்கு நல்லாப் புரிஞ்சுது" என்றவர், வழக்கம்போல நிதானமாகத் தொடர்ந்தார்.

"ஐஸ் பேக்டரித் தண்ணித் தொட்டியில நீங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்ச தேசப்பன் எஞ்சினை, பசங்க வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போய் மீஞ்சூர்ல வித்துடணுமாம்."