அளவு ஜாக்கெட்

கழுத்தைத் தைக்கும்போது ஊசி இரண்டு முறை விரலில் ஏறிவிட்டது.

இருபது வருடமாக ஊசி பிடிக்கிற கை. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மடியில் பொம்மை. தலை வெள்ளை லைனிங் துணி. கைகள் இரண்டும் இரண்டு வீட்டுப் பச்சை. கால்கள் ஏதோ ஒரு டீச்சரின் நீலப் பட்டு. வயிற்றுக்குள் மூன்று மாத வெட்டுத்துணி.

தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டால் போதும், கடை தலைகீழாகிவிடும். பொம்மையைக் கொடுத்தால் சற்று அடங்கும். பழைய பொம்மையை ஒரு பிள்ளை தலை வேறு உடல் வேறாகப் பிய்த்துவிட்டது. அதற்காகத்தான் புதிது.

அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பொம்மையின் உடம்பு மட்டும் அரக்கு நிறம்.

அது வெட்டுத்துணி இல்லை. மாரீஸ்வரியின் அளவு ஜாக்கெட்.

எட்டு மாதத்துக்கு முன்னால் புதுத் துணியோடு அதையும் கொடுத்து, இதே அளவில் தைக்கச் சொல்லிவிட்டுப் போனவள் மாரீஸ்வரி. அடுத்த வாரமே மஞ்சள் காமாலை. பத்தே நாள்.

சாவு வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். புருஷன் உயிரோடு இருக்கும்போதே சாகிறவளைப் புதுச் சேலை, புது ஜாக்கெட்டோடுதான் அனுப்புவார்கள். ஜாக்கெட் தயாராகத்தான் இருந்தது.

கொக்கி மட்டும் வைக்கவில்லை.

கொக்கி கைவேலை. கால் மணி நேரம் பிடிக்கும். வந்தவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அவள் அப்படியே கொடுத்துவிட்டாள்.

இனி அவளுக்குக் கொக்கி எதற்கு என்றுதான் அப்போது நினைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாவுக்கு அவள் போகவில்லை.

அளவு ஜாக்கெட் சுவரில் ஆணியிலேயே தங்கிவிட்டது. மாரீஸ்வரியின் தோள், மாரீஸ்வரியின் நெஞ்சு, அச்சு அசலாக. மின்விசிறி ஓடினால் லேசாக உப்பும், அடங்கும்.

மின்சாரம் இல்லாத மத்தியானங்களிலும் உப்பியதை அவள் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

தூக்கி எறியப் பயம். வைத்திருக்க அதைவிடப் பயம்.

இன்று காலை கத்தரியை எடுத்தாள். முன்பக்கத்துப் பட்டிகள் இரண்டையும் கொக்கியோடு வெட்டிக் கூடையில் போட்டாள். அதுதான் முதலில் கண்ணை விட்டுப் போக வேண்டியிருந்தது. மீதியைப் பொம்மைக்கு உடம்பாக்கினாள்.

கழுத்து முடிந்தது. நூலைக் கடித்தாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

மாரீஸ்வரியின் புருஷன் குருசாமி. கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள்.

“யக்கா, அவ அளவு ஜாக்கெட்டு ஒண்ணு ஒங்ககிட்ட கெடக்காம்ல? புள்ளதான் சொல்லுது. பதினாறாம் நாளே துணிமணி எல்லாத்தையும் ஆத்துல விட்டாச்சு. அம்மா வாசம் இருந்தாத்தான் ஒறங்குவேன்னு ஒரே அழுக.”

அவள் வெற்று ஆணியைப் பார்த்தாள்.

காணாமல் போய்விட்டது என்று சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பிள்ளை அவள் மடியிலிருந்து பொம்மையை எடுத்துவிட்டது. அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அரக்குத் துணியில் மூக்கைப் புதைத்தது. வெகுநேரம் அப்படியே நின்றது.

குருசாமி அந்த நிறத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“வெட்டிட்டீங்களாக்கா?”

“ஆமா தம்பி.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். சுவரோரமாகக் குந்தி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிள்ளை தலையை நிமிர்த்தியது. பொம்மையின் நெஞ்சில் விரலை வைத்து, நடுத்தையல் வழியே மேலிருந்து கீழாக இழுத்தது.

“இதுக்கும் கொக்கி வைக்கலையா?”



அன்று சாவு வீட்டுக் கூட்டத்தில், அத்தனை பெரியவர்களின் கால்களுக்கு நடுவே நின்று, அம்மாவின் ஜாக்கெட்டை இந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது.

அவள் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். பச்சை, மஞ்சள், ஊதா என்று சரிந்த குவியலில் மண்டியிட்டுக் கிளறினாள். பட்டிகள் இரண்டும் கிடைத்தன. நான்கு கொக்கி இருந்தது. ஐந்தாவது கொக்கி, மாரீஸ்வரி போட்டிருந்த காலத்திலேயே அறுந்து போனது.

பொம்மையின் நெஞ்சில் இடமும் வலமுமாகப் பட்டிகளை வைத்துத் தைத்தாள். டப்பாவிலிருந்து புதுக் கொக்கி ஒன்றை எடுத்து ஐந்தாவது இடத்தில் வைத்தாள். ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்கினாள்.

கால் மணி நேரம்தான் ஆனது.

பிள்ளை கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டியது. மாட்டிய ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தது. பிறகு தரையில் கிடந்த துணிகளை விலக்கி, பொம்மையை மல்லாக்கப் படுக்க வைத்தது. காலிரண்டையும் சேர்த்தது. கைகளை நெஞ்சின்மேல் மடித்து வைத்தது.

“இப்பப் போலாம்” என்றது.

குருசாமி எழுந்து செருப்பை மாட்டினார்.

பிள்ளை அவர் பக்கம் திரும்பவில்லை; பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தது.